தன் உடம்பிலேயே ஊசி போட்டுக்கொண்ட ஹாப்கின்

ஊரிலிருந்து வந்த நோயாளியை அழைத்துக்கொண்டு பரேலில் உள்ள டாடா ஆஸ்பத்திரிக்கு ஒரு முறையாவது போகாத தமிழர், மும்பையில் குறைவு. அந்த ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே, மரங்கள் அடர்ந்த பெரிய வளாகத்துக்குள் ஒரு பழைய மாளிகை இருக்கிறது. ஹாப்கின் இன்ஸ்டிடியூட் என்று பெயர். பாம்புக்கடி மருந்தும் தடுப்பு ஊசி மருந்தும் ஆராய்ந்த இடம் என்று சிலருக்குத் தெரியும். ஹாப்கின் யார் என்று கேட்டால் யாரோ வெள்ளைக்கார துரை என்பார்கள்.

அவர் துரை அல்ல. ஆங்கிலேயரும் அல்ல. எம்.பி.பி.எஸ். போன்ற டாக்டர் பட்டம் கூட அவரிடம் இல்லை. ரஷ்யாவிலிருந்து பிழைப்புத் தேடி வெளியேறிய ஒரு யூதர். பிளேக் நோய் பம்பாயைச் சூறையாடிய நாளில், அதற்கு மருந்து கண்டுபிடித்துத் தன் உடம்பிலேயே முதலில் ஏற்றிப் பார்த்தவர்.

வால்டெமர் ஹாப்கின் 1860-ம் ஆண்டு மார்ச் 15-ந்தேதி கருங்கடல் கரையில் உள்ள ஒடெஸா நகரில் பிறந்தார். அது அப்போது ரஷ்யப் பேரரசில் இருந்தது. இன்று உக்ரைன் நாட்டைச் சேர்ந்தது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்தார். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற மெச்னிகோவ்தான் அவருக்கு ஆசிரியர்.

1881-ல் ஜார் மன்னர் கொல்லப்பட்டதும் யூதர்கள் மீது பழி விழுந்தது. கும்பல்கள் அவர்கள் வீடுகளைச் சூறையாடின. வாலிபர் ஹாப்கின் தற்காப்புப் படையில் சேர்ந்து நின்றார். அடிபட்டார், கைதானார். ஆசிரியர் மெச்னிகோவ் தலையிட்டுத்தான் அவர் வெளியே வந்தார்.

படிப்பு முடிந்தது. ஆனால் யூதருக்குப் பேராசிரியர் வேலை கிடையாது. மதம் மாறினால் வேலை என்றார்கள். அவர் மாறவில்லை. ஒடெஸா பொருட்காட்சிச் சாலையில் சிறிய வேலை பார்த்துவிட்டு, 1888-ல் ஜெனிவாவுக்குப் போனார். மறு ஆண்டு பாரிஸ். அங்கே பாஸ்டர் நிலையத்தில் அவருக்குக் கிடைத்தது நூலக வேலை. பகலில் புத்தகம் அடுக்குவார். மற்ற நேரத்தில் ஆராய்ச்சிக் கூடத்தில் காலரா கிருமியோடு உட்கார்ந்திருப்பார்.

1892 ஜூலை 18-ந்தேதி, தான் செய்த காலரா ஊசி மருந்தைத் தனக்கே போட்டுக்கொண்டார். காய்ச்சல் வந்தது; போய்விட்டது.

மருந்தைப் பெரிய அளவில் போட்டுப் பார்க்க வேண்டும். ரஷ்யா அவரை ஏற்கவில்லை. முன்பு இந்தியாவில் வைசிராயாக இருந்த டப்ரின் பிரபு அப்போது பாரிசில் ஆங்கிலத் தூதராக இருந்தார். அவர் கைகாட்டிய நாடு இந்தியா. 1893 மார்ச்சில் ஹாப்கின் கல்கத்தா வந்து சேர்ந்தார்.

பலாத்தோப்புக் குடிசைகள்

வங்காளத்தில் முதலில் அவரை யாரும் நம்பவில்லை. வெள்ளைக்காரன் உடம்பில் விஷம் ஏற்ற வந்திருக்கிறான் என்றார்கள். அவர் போலீசைக் கூப்பிடவில்லை. வங்காளி டாக்டர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டார். ஜனங்கள் பார்க்கும்படி அவர்கள் முதலில் ஊசி போட்டுக்கொண்டார்கள். வேண்டாம் என்றவர்களை விட்டுவிட்டு, வருகிறேன் என்றவர்களுக்கு மட்டும் போட்டார்.

கல்கத்தாவில் காண்டல் பகான் என்று ஒரு குடிசைப் பகுதி. தமிழில் சொன்னால் பலாத்தோப்பு. 1894 மார்ச் கடைசியில் அங்கே காலராவில் இரண்டு பேர் செத்தார்கள். சுமார் 200 பேர் வாழ்ந்த இடம். 116 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். பிறகு அதே குடிசைகளில் மேலும் 10 பேருக்குக் காலரா கண்டது. 7 பேர் இறந்தார்கள். பத்துப் பேரும் ஊசி போடாதவர்கள். ஒரே குளம், ஒரே தண்ணீர். சேதி பரவிய பிறகு ஆட்கள் தாமாகவே வர ஆரம்பித்தார்கள். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்துக் கூலிகள் வரை அந்த ஊசி போய்ச் சேர்ந்தது.

அலைச்சலில் அவருக்கு மலேரியா வந்தது. இங்கிலாந்து போய் உடம்பைத் தேற்றிக்கொண்டு 1896-ல் திரும்பினார். அந்த ஆண்டுதான் பம்பாய்க்குக் கேடு காலம்.

பாதி நகரம் காலி

துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில் தானியக் கிடங்குகள் அதிகம். அங்கே எலிகள் செத்து விழுந்தன. பிறகு மனிதர்கள். கடும் காய்ச்சல், தொடை இடுக்கிலும் அக்குளிலும் கட்டி, சில நாளில் சாவு. 1896 செப்டம்பர் 23-ந்தேதி டாக்டர் அகேசியோ வியேகஸ் என்ற கோவாக்காரர் இது பிளேக் என்று அறிவித்தார். மெட்ரோ சினிமா பக்கம் அவருக்குச் சிலை இருக்கிறது.

நோயை எலித் தெள்ளுப்பூச்சிதான் கொண்டு போகிறது என்று அன்று யாருக்கும் தெரியாது. சாக்கடை நாற்றம்தான் காரணம் என்று நினைத்து, லட்சக்கணக்கான காலன் கடல் தண்ணீரும் கார்பாலிக் மருந்தும் சாக்கடையில் கொட்டினார்கள். சாக்கடையில் இருந்த எலிகள் வீடுகளுக்குள் ஓடின.

1891 கணக்கெடுப்பில் பம்பாயின் ஜனத்தொகை 8 லட்சத்துக்குச் சற்று மேல். 1897 பிப்ரவரிக்குள் ஏறக்குறைய பாதிப் பேர் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். ரயிலிலும் கப்பலிலும் இடமில்லை. பணம் உள்ளவன் முதலில் போனான். கொங்கணத்திலிருந்து வந்த ஆலைத் தொழிலாளி, கைக்குக் கூலி வந்ததும் போனான். அதுவரை மாதக் கூலியைக் கூட உடனே தராமல் பிடித்து வைத்துக்கொண்ட ஆலை முதலாளிகள், இப்போது அன்றாடம் கூலி கொடுத்தார்கள். தெருமுனைகளில் நின்று, ஒருவருக்கு ஒருவர் போட்டி போட்டுக் கூலியை ஏற்றி ஆள் பிடித்தார்கள். நூற்பு ஆலையில் ஓடும் கதிருக்கு மனிதன்தான் வேண்டும் என்பதை அவர்களுக்குச் சொல்ல எலி வரவேண்டியிருந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. நோயாளிகளைக் கட்டாயமாகத் தூக்கிப் போகும் உத்தரவை 1896 அக்டோபரில் நகராட்சி போட்டது. ஊரே கொதித்தது. ஆஸ்பத்திரியில் உடம்பிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள் என்று வதந்தி. அக்டோபர் 29-ந்தேதி சுமார் ஆயிரம் ஆலைத் தொழிலாளர்கள் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள். ஆனால் அதிகாரிகள் இறங்கி வந்ததற்குப் பெரிய காரணம் வேறு. ஹலால்கோர் என்று அழைக்கப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்களும் ஊரை விட்டுப் போய்விடுவார்கள் என்ற பேச்சு எழுந்தது. அவர்கள் போனால் பம்பாயில் யாருமே இருக்க முடியாது என்று நகராட்சி பயந்தது. கட்டாயம் தளர்த்தப்பட்டது. கண்ணெதிரே நடமாடினாலும் யாரும் திரும்பிப் பார்க்காத மனிதர்களை, நகரம் அந்த ஒரு மாதத்தில் நன்றாகவே பார்த்தது.

ஒரு குமாஸ்தா, மூன்று பியூன்

இந்த நேரத்தில்தான், 1896 அக்டோபரில், அரசாங்கம் ஹாப்கினைப் பம்பாய்க்கு அழைத்தது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறு அறையும் வராந்தாவும் கொடுத்தார்கள். உதவிக்கு ஒரு குமாஸ்தா, மூன்று பியூன்.

பிளேக் கிருமியை வளர்க்க இறைச்சிச் சாறு வேண்டும். ஐரோப்பாவில் என்றால் மாட்டிறைச்சி. ஹாப்கின் இந்த நாட்டைப் புரிந்தவர். ஆட்டிறைச்சிச் சாற்றைப் பயன்படுத்தினார். அதன் மேல் சில சொட்டு நெய் விட்டார். மிதக்கும் நெய்யிலிருந்து கிருமிகள் விழுது விட்டதுபோல் கீழ்நோக்கி வளர்ந்தன. சில வாரம் வளர்த்து, சூடு காட்டிக் கொன்று, அதையே மருந்தாக்கினார்.

மூன்று மாதம் இரவு பகல் வேலை. உதவியாளர் ஒருவருக்கு மனநிலை குலைந்தது. இருவர் விட்டுவிட்டுப் போனார்கள்.

1897 ஜனவரி 10. மற்றவருக்குப் போட நினைத்த அளவைவிட அதிகமாக, 10 கன சென்டிமீட்டர் மருந்தைத் தனக்கே ஏற்றிக்கொண்டார். கடும் காய்ச்சல். ஊசி போட்ட இடத்தில் பொறுக்க முடியாத வலி. சில நாளில் எழுந்துவிட்டார்.

அந்த மாதக் கடைசியில் பைகுல்லா சிறைக்குள் பிளேக் நுழைந்தது. பூட்டிய கதவுக்குள் இருப்பவன் எங்கே ஓடுவான்? ஹாப்கின் அங்கே போனார். கைதிகளைக் கட்டாயப்படுத்தவில்லை, விரும்பியவர்கள் வந்தார்கள். 150-க்கு மேற்பட்டவர்கள் கை நீட்டினார்கள். ஊசி போட்ட அன்றே நோயோடு இருந்தவர்களை நீக்கிவிட்டுப் பார்த்தால், போட்டுக்கொண்டவர்களில் இரண்டு பேருக்கு நோய் வந்தது, இருவரும் பிழைத்தார்கள். போடாதவர்களில் 12 பேருக்கு வந்தது. 6 பேர் செத்தார்கள். இந்திய பிளேக் ஊசியின் முதல் சாட்சிகள் பெயர் தெரியாத அந்தக் கைதிகள்தான்.

பிளாட்பாரத்தில் வரிசை

ஊசிக்கு ஆள் சேரும் முன்பே அரசாங்கம் சட்டத்தைக் கையில் எடுத்தது. 1897 பிப்ரவரியில் வந்த தொற்றுநோய்ச் சட்டம் அது. 2020-ல் கொரோனா வந்தபோது மாநில அரசுகள் தூசி தட்டி எடுத்ததும் இதே சட்டத்தைத்தான்.

பிளேக் கமிட்டி ஆட்கள் சிப்பாய்களோடு வீடு வீடாக நுழைந்தார்கள். கூரையைப் பிரித்தார்கள், சாமான்களைக் கொளுத்தினார்கள். கல்யாண் போன்ற ஸ்டேஷன்களில் ரயிலை நிறுத்திப் பயணிகளைச் சோதித்தார்கள். மூன்றாம் வகுப்புக்காரர்கள் இறங்கி பிளாட்பாரத்தில் வரிசையாக நிற்கவேண்டும். அக்குளையும் தொடை இடுக்கையும் டாக்டர் தொட்டுப் பார்ப்பார். பெண்களுக்கும் அதே கதி. முதல் வகுப்புப் பயணி தன் பெட்டியிலேயே உட்கார்ந்திருப்பார். டிக்கெட்டின் நிறம் பார்த்துத்தான் கிருமி ஏறும் என்று கமிட்டி நினைத்ததோ என்னவோ!

1898 மார்ச் 9-ந்தேதி, மதன்புரா நெசவாளர் பகுதியில் காய்ச்சலில் கிடந்த ஒரு சிறுமியைத் தூக்கிப் போகப் பார்த்தார்கள். கலகம் மூண்டது. துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆலைகளிலும் துறைமுகத்திலும் வேலை நின்றது.

அதே காலத்தில் ஜனங்கள் தாங்களாகவும் சில காரியம் செய்தார்கள். பார்சிகள், கோஜாக்கள், ஜைனர்கள், பல இந்து சாதியினர் தனித்தனியே பிளேக் ஆஸ்பத்திரி கட்டினார்கள். தம்முடைய ஆளை அந்நியர் தொடவேண்டாம் என்ற எண்ணம் அதில் உண்டு. ஆனால் சொந்த ஆஸ்பத்திரி என்றதும் பயம் குறைந்து நோயாளிகள் வந்தார்கள் என்பதும் உண்மை. சாதிப் பணம் இல்லாதவனுக்குத்தான் சர்க்கார் ஷெட். புனாவிலோ, சாதி பார்க்காத ஒரு வீடு இருந்தது. ஜோதிராவ் பூலேயின் மனைவி சாவித்திரிபாய் தன் மகன் டாக்டர் யஷ்வந்தைக் கொண்டு ஹடப்சர் பக்கம் ஆஸ்பத்திரி நடத்தினார். நோய் கண்ட ஒரு தலித் சிறுவனைத் தானே தூக்கி வந்தார். அந்த நோய் அவரைத் தொற்றியது. 1897 மார்ச் 10-ந்தேதி காலமானார். அவருக்கு வயது 66.

பம்பாயில் ஹாப்கினுக்குக் கைகொடுத்தவர் ஆகா கான். அப்போது 20 வயது வாலிபர். இஸ்மாயிலி கோஜாக்களின் தலைவர். தன் மாளிகை ஒன்றை மருந்து தயாரிக்கக் கொடுத்தார். தன் ஜனங்கள் முன்னிலையில் தானே ஊசி போட்டுக்கொண்டார். பிறகு ஆயிரக்கணக்கான கோஜாக்கள் வந்தார்கள்.

பரோடா அருகில் உந்தேரா என்ற கிராமத்தில் 1898 பிப்ரவரியில் ஒரு சோதனை நடந்தது. ஒவ்வொரு குடும்பத்திலும் பாதிப் பேருக்கு ஊசி. பிறகு 28 குடும்பங்களில் பிளேக் புகுந்தது. அந்த வீடுகளில் ஊசி போடாத 64 பேரில் 26 பேர் இறந்தார்கள். போட்டுக்கொண்ட 71 பேரில் இறந்தவர்கள் 3 பேர். ஒரே கூரை, ஒரே அடுப்பு. முழுப் பாதுகாப்பு இல்லைதான். ஊசி போட்டால் ஓரிரு நாள் காய்ச்சலும் உண்டு. தினக்கூலிக்காரனுக்கு அது நஷ்டம். ஆனாலும் அந்தக் கணக்கைப் பார்த்தவர்கள் கை நீட்டினார்கள். ஹூப்ளியில் ஊரில் பெரும்பாலோர் போட்டுக்கொண்டார்கள்.

1899 ஆகஸ்டு 10-ந்தேதி பரேல் மாளிகை அவருடைய ஆராய்ச்சிக் கூடமாகத் திறக்கப்பட்டது. அது பழைய கவர்னர் மாளிகை. 1882-ல் கவர்னர் பெர்குசனின் மனைவி அங்கே காலராவில் இறந்தார். அதன் பிறகு கவர்னர்கள் மலபார் ஹில் போய்விட்டார்கள். காலராவுக்குப் பயந்து பெரியவர்கள் விட்டுப்போன வீட்டுக்குக் காலரா ஊசிக்காரர் குடிவந்தார்.

53-என் புட்டி

பஞ்சாபில் பிளேக் பெருகியது. லட்சக்கணக்கில் மருந்து கேட்டார்கள். 1902 அக்டோபர் 30-ந்தேதி முல்கோவால் என்ற கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போட்டார்கள். ஐந்து புட்டி மருந்து செலவானது. ஒரு வாரத்தில், 53-என் என்று எண் போட்ட ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேருக்கு வில்வாத ஜன்னி கண்டது. நம் ஊரில் துருப்பிடித்த ஆணி குத்தினால் வரும் என்கிறோமே, அந்த டெட்டனஸ். 19 பேரும் இறந்தார்கள்.

பழி நேராகப் பரேலுக்கு வந்தது. விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. மருந்து தயாரிப்பில் ஹாப்கின் கார்பாலிக் சேர்ப்பதை விட்டுவிட்டுச் சூட்டை மட்டும் நம்பியிருந்தார். பாஸ்டர் நிலையம் ஏற்ற முறைதான் அது. கமிஷன் அதையே பிடித்துக்கொண்டது. புட்டி பரேலிலேயே கெட்டிருக்கலாம் என்று முடிவு எழுதியது. ஹாப்கின் பதவி இழந்தார். 1904-ல் ஐரோப்பாவுக்குப் போனார்.

முல்கோவாலில் நடந்தது என்ன என்பது பதிவில் இருந்தது. புட்டியைத் திறந்த உதவியாளரின் இடுக்கி தரையில் விழுந்தது. அதைச் சரியாகக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யாமல் கார்பாலிக் நீரில் அலசிவிட்டு, அதனாலேயே தக்கையைப் பிடுங்கினார். டெட்டனஸ் கிருமி மண்ணில் இருப்பது. புட்டி பம்பாயிலேயே கெட்டிருந்தால், நிரப்பி 40 நாளுக்கு மேலான மருந்தில் துர்நாற்றம் அடித்திருக்கும். திறந்தபோது நாற்றம் இல்லை. நோய் கண்ட நாள்கணக்கும், திறக்கும்போதுதான் கிருமி புகுந்தது என்பதற்கே பொருந்தியது.

இத்தனையும் தெரிந்தும் அவர் மீதான பழி உடனே நீங்கவில்லை. ராணுவ டாக்டர்களின் உலகத்தில் அவர் டாக்டர் அல்லாதவர், ரஷ்யர், யூதர். அவருக்காகப் பரிந்து பேச அலுவலகத்தில் ஆள் இல்லை. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று கண்டுபிடித்த ரொனால்ட் ராஸ்தான் அவருக்காகப் பேனாவை எடுத்தார். லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். 1907 ஜூலையில் பத்து விஞ்ஞானிகள் கையெழுத்திட்ட கடிதம் வெளியானது. அந்த ஆண்டின் கடைசியில் அரசாங்கம் அவர் மீதிருந்த பழியை நீக்கியது. கண்டுபிடிப்பாளரின் வாழ்வில் ஐந்து ஆண்டுகள் போய்விட்டன.

ஹாப்கின் மீண்டும் இந்தியா வந்தார். ஆனால் பரேல் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கல்கத்தாவில் வேலை கொடுத்தார்கள். புதிய மருந்தை மனிதருக்குப் போட்டுப் பார்க்க அனுமதி கொடுக்கவில்லை. ஏறக்குறைய 55 வயதில் ஓய்வு பெற்றுப் பிரான்சுக்குப் போய்விட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அவர் மருந்து மட்டும் பரேலிலிருந்து போய்க்கொண்டே இருந்தது. 1925 வரை இரண்டரைக் கோடி ஊசிகளுக்கு மேல் போயின. பிளேக் இந்தியாவில் ஒரு கோடிப் பேருக்கு மேல் கொன்றது என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கைப் பார்க்கவேண்டும்.

1925-ல் பரேல் நிலையத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். அப்போது அவர் உயிரோடு இருந்தார். பிறகு சுவிட்சர்லாந்தில் லோசான் நகரில் குடியேறி, 1930 அக்டோபர் 26-ந்தேதி அங்கேயே காலமானார். இந்திய அரசு 1964-ல் அவர் படத்தோடு தபால் தலை வெளியிட்டது.

சேர்த்து வைத்த பணம் முழுவதையும், கிழக்கு ஐரோப்பாவில் ஏழை யூதப் பிள்ளைகள் வேதம் படிக்கும் பள்ளிகளுக்கு எழுதி வைத்திருந்தார். ஒடெஸாவில் எந்த மதத்தை விட்டால் வேலை என்றார்களோ, அந்த மதத்தின் பள்ளிகள்.